செங்கல் வைத்த கிழக்குக் கதவு

மேட்டுக்காடு,
சேந்தமங்கலம் வழி.
2 டிசம்பர் 2024

தம்பி அங்கமுத்துவுக்கு,

எங்கள் சபையின் கிழக்குக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்துச் செய்திருக்கிறார்கள். திரும்பி வந்து, விடியற்காலையில் சாவியை எடுத்துக்கொண்டு போனால் சாவி போட இடம் இல்லை. கதவு இருந்த இடத்தில் ஈரச் சிமெண்டு. கதவுப் பலகை வேலியோரம் குப்பையில் கிடந்தது.

செய்தவன் சபரிநாதன். சபையின் செயலாளர், பக்கத்துக் கோழிப்பண்ணைக்கு முதலாளி. அவன் அப்பா காலத்திலிருந்து அந்தப் பண்ணையில் முட்டை எடுத்துத்தான் நான் கிழவியானேன். அடைத்த சுவரில் பெரிய திரை மாட்டுவார்களாம், பாட்டு வரிகள் அதில் ஓடுமாம். விடியற்கால ஜெபம் இனிமேல் கிடையாதாம். அதற்குப் பதில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அவரவர் வீட்டில் போனைப் பார்த்து ஜெபிக்க வேண்டுமாம்.

அந்தக் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தால் கொல்லிமலைக்கு மேல் வெளிச்சம் ஏறுவது கண்ணுக்கு நேரே தெரியும். பண்ணை வேலைக்குப் போகிற பெண்கள் அங்கே உட்கார்ந்து ஜெபித்துவிட்டுத்தான் போவோம். சபை கட்டும்போது கிழக்கே கதவு வேண்டும் என்று கேட்டது நாங்கள். கல் சுமந்ததும் நாங்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சும்மா விடப்போவதில்லை.

போனில் சொல்லியிருப்பேன். தறிச் சத்தத்தில் உன் காது போய்விட்டதால் நான் கத்துவது என் தெருவுக்குக் கேட்கிறது, உனக்குக் கேட்பதில்லை.

உன் பெண்டாட்டி உண்ணாமலை இறந்து வருஷம் திரும்பிவிட்டதே, திதி ஒழுங்காக முடிந்ததா? மகனும் மருமகளும் சௌக்கியமா? எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம். உனக்காகக் கர்த்தரிடம் கேட்கிறேன். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் கேட்பேன்.

அக்கா ராமாத்தாள்


குமாரபாளையம்,
19 டிசம்பர் 2024

அக்காவுக்கு அங்கமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். உங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் சூடாக்கித் தேய்க்கவும்.

திதி முடிந்தது. மகன் பிரபாகர் பழைய தறிகளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டுப் புதிய தறி இறக்கியிருக்கிறான். பட்டறைக்கு நான் வர வேண்டாம், உட்கார்ந்து ஓய்வெடுங்கள் என்கிறான். நல்ல பையன். உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் ஞானஸ்நானம் எடுத்த அன்று, உங்கள் சபையின் வாசல்படியை இந்த ஜென்மத்தில் மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன் நான். இன்றுவரை மிதிக்கவில்லை. அதனால் கதவைப் பற்றிப் பேச எனக்கு வாய் கிடையாது. இருந்தாலும் கேட்கிறேன். மேற்கே ரோட்டுப் பக்கம் ஒரு கதவு இருக்கிறதே, அதன் வழியாகப் போய் உட்கார்ந்தால் உங்கள் சாமி வேண்டாம் என்றா சொல்லிவிடும்? இந்த வயதில் எதற்குச் சண்டை?

நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்? எழுந்ததும் என்ன செய்வீர்கள்?

தம்பி அங்கமுத்து


மேட்டுக்காடு,
28 டிசம்பர் 2024

தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் முடிந்தது. முறுக்கு அனுப்பியிருக்கிறேன், உடைந்து வந்தால் தபால்காரரைத் திட்டு. இங்கு நலம், அங்கு நலம் என்று நம்புகிறேன்.

மேற்குக் கதவைத் திறந்தால் பஸ் தெரியும். பஸ்ஸைப் பார்த்து ஜெபிக்க என்னால் முடியாது.

நான் ஏன் சபைக்குப் போனேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கோபித்துக்கொண்டாய், அவ்வளவுதான். இப்போது கேட்காமலே சொல்கிறேன்.

கோழிக்கு வெளிச்சம் குறைந்தால் முட்டை குறையும். அதனால் பண்ணையில் விடியும் முன்பே பல்பு போட்டுவிடுவார்கள். கோழி விடிந்துவிட்டது என்று நம்பித் தீவனம் தின்னும். நானும் அந்தக் கோழி மாதிரிதான் இருந்தேன். எழுந்து போகும்போது இருட்டு, உள்ளே போனால் பல்பு, வெளியே வந்தால் வெயில் சுடும். காலை என்று ஒன்று நடப்பதை நான் பார்த்ததே இல்லை. உன் மாமா குடித்துவிட்டு என்னை அடித்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒருநாள் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. முட்டை அட்டையைக் கையில் பிடித்தபடி இருட்டில் நின்றேன். அத்தனை கோழியும் சத்தமில்லாமல் இருந்தது. அப்போது கம்பி வலைக்கு அப்பால் மலை மட்டும் இருட்டிலிருந்து தனியாகப் பிரிந்தது. அதன் மேல் சாம்பல் நிறம் வந்தது, சாம்பல் வெளுத்து முருங்கைப் பூ மாதிரி ஆனது, பிறகு சிவந்தது. அந்தச் சிவப்பு வலை வழியாக வந்து என் கையிலிருந்த முட்டைகள் மேல் விழுந்தது. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் விளக்கு வைத்த மாதிரி இருந்தது. யாரும் ஸ்விட்ச் போடவில்லை. கூலி கொடுக்கிறவனும் போடவில்லை, அடிக்கிறவனும் போடவில்லை. அவர்கள் போடாமலே எனக்கு ஒரு காலை வந்தது. போட்டவர் யாரென்று தேடிக்கொண்டுதான் நான் சபைக்குப் போனேன். எந்தப் பிரசங்கமும் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. தீவன மூட்டையில் இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி நானே படிக்கக் கற்றதும், அவர் பேச்சை இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான்.

ராமாத்தாள் என்ற பேரை மாற்றச் சொன்னார்கள். தண்ணீரில் இறங்கினது ராமாத்தாள், ஏறும்போது வேறொருத்தி ஏற முடியாது என்றேன்.

சபரிநாதனைப் பார்த்துக் கேட்டேன், கதவு உன்னை என்ன செய்தது என்று.

"ஆத்தா, ஈ மொய்க்குதுங்க. வெளியூர்ல இருந்து வர்றவங்க ஆராதனைல மூஞ்சில ஈ ஓட்டிக்கிட்டே உக்காந்திருக்காங்க."

"ஈ எங்கிருந்து சாமி வருது? உன்ற பண்ணையில இருந்து. அப்ப அடைக்க வேண்டியது எதை?"

அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். போன் அடிக்கவே இல்லை.

நான் அடைத்த கதவுக்கு வெளியே, கிழக்குப் பக்கத்து மண்ணில் சாக்கு விரித்து உட்கார்ந்து ஜெபிக்கிறேன்.

அக்கா


குமாரபாளையம்,
20 ஜனவரி 2025

அக்காவுக்கு,

பொங்கல் ஆயிற்று. எல்லாரும் நலம். முறுக்கு வந்தது. உடையவில்லை.

உங்கள் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன். ஒரு சந்தேகம். கரண்ட் போன அன்று வெளிச்சம் வரும் வரை எப்படி நின்றீர்கள்? வரும் என்று உங்களுக்குத் தெரியாதே. கை நடுங்கவில்லையா? முட்டை ஒன்றும் கீழே விழவில்லையா?

எங்கள் வீட்டில் கிழக்கு தெரியாது. எதிர் வீட்டு மாடி மறைக்கிறது. வெயில் நேராகத் தலைக்கு மேல்தான் வரும். உண்ணாமலை இருந்தபோது அவள் வாசல் தெளிப்பதை வைத்து விடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன். காது கேட்காதவனுக்கு அவள்தான் மணி. இப்போது தூக்கம் சரியாக இல்லை. இருட்டோடு எழுந்து காவேரிப் பாலம் வரை நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

சண்டை வேண்டாம்.

தம்பி


மேட்டுக்காடு,
27 ஜனவரி 2025

தம்பிக்கு,

ஸ்தோத்திரம். முழங்கால் அப்படியே இருக்கிறது, வேப்பெண்ணெய் வாசனைதான் கூடியிருக்கிறது.

நீ நடப்பது நல்லது. பனியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்.

இங்கே கதை முற்றிவிட்டது. என்னோடு முதலில் முத்தாயம்மாள் வந்து உட்கார்ந்தாள், பிறகு ஆத்தாயி வந்தாள், அப்புறம் பண்ணைப் பெண்கள் எல்லாருமே வந்துவிட்டார்கள். சபரிநாதன் சுற்றுச்சுவர் கேட்டைப் பூட்டினான். சபை வளாகத்தில் அனுமதி இல்லாமல் கூடக் கூடாதாம். நாங்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பண்ணைக்குப் போகிற மண் ரோட்டின் ஓரத்தில் உட்கார்ந்தோம். தீவன லாரி எங்களைச் சுற்றி வளைத்துப் போகிறது. டிரைவர் ஆரன்கூட அடிப்பதில்லை.

போதகர் வந்து சமாதானம் பேசினார். நல்ல மனிதர், இளம் வயது. "அக்கா, தேவன் நாலு திசையிலயும் இருக்காருங்க" என்றார். இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. நாலு திசையிலும் இருப்பவர் எனக்குக் கிழக்கிலிருந்துதான் வந்தார், வந்த வழியில் சுவர் வைக்காதீர்கள் என்றேன். வெளுக்கும் நேரம். சற்று நேரம் நின்று மலையைப் பார்த்துவிட்டுப் போனார்.

முட்டை ஒன்றும் விழவில்லை.

அக்கா


மேட்டுக்காடு,
18 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நடந்த ஒரு கூத்தை மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். சபரிநாதன் புதிதாகக் கட்டிய கோழிச் செட்டில் வெள்ளை லைட்டாகப் போட்டிருக்கிறான். அன்றைக்கு மலை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். லைட் வெளிச்சம் பனியில் பரவி, கிழக்கே வானம் முழுவதும் வெளுத்த மாதிரி இருந்தது. ஆத்தாயி பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். எல்லாரும் அவசரமாக ஓடி வந்து உட்கார்ந்து, புது நாளைக் கொடுத்த கர்த்தருக்கு நன்றி சொல்லி, காலைப் பாட்டை முதல் சரணத்திலிருந்து கடைசிவரை பாடி முடித்தோம். முடித்த பிறகும் வானம் அப்படியே இருந்தது. உள்ளே கோழிகள் கொக்கரித்தன. அப்போதுதான் உறைத்தது.

முத்தாயம்மாள், "கோழிக்கு ஸ்தோத்திரம் பாடிட்டமுங்க" என்றாள். மண்ணில் புரண்டு சிரித்தோம்.

லாரி டிரைவர் போய்ச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் சபரிநாதன் எழுந்தான். "பல்பப் பாத்துப் பாடுறவங்களுக்கு எதுக்குங்க கெழக்குக் கதவு? நான் இந்தத் திரையிலயே தெனமும் சூரியனப் போட்டுக் காட்டறேன்" என்றான். சபை சிரித்தது. போதகரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் எழுந்தேன். "உன்ற லைட்டப் பாத்து ஏமாந்தது நெசந்தான் சாமி. ஆனா ஏமாந்தோம்னு எப்படிக் கண்டுபிடிச்சோம் தெரியுமா? அது ஏறல. போட்ட எடத்துலயே நின்னுது. ஏறுறது எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும், ஏன்னா பாத்திருக்கறோம். நீ கதவ அடைச்சு வெச்சு, உன்ற புள்ளைங்களுக்கு அதக் காட்டாம வளத்தப் போற. நாளைக்கு அவங்க ஏமாந்தா எதை வெச்சுக் கண்டுபிடிப்பாங்க?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

உன் தறிக்காரர்களிடம் இதைச் சொல், சிரிக்கட்டும். பதில் எழுது.

அக்கா


குமாரபாளையம்,
1 மார்ச் 2025

அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுதாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

கோழிக்குப் பாடியதைப் படித்துச் சிரித்தேன். மருமகள் அபிநயா வந்து, என்னங்க மாமா என்று கேட்டாள். நான் சிரித்து அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

போன வாரம் என் செருப்பைப் பாலத்தின் மேலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். பிரபாகர் புதுச் செருப்பு வாங்கித் தந்தான். கொஞ்சம் பெரிது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அங்கமுத்து


மேட்டுக்காடு,
4 மார்ச் 2025

சாமி,

பாலத்தில் எதற்குச் செருப்பைக் கழற்றினாய்? அது என்ன கோயிலா?

நான் கேட்டுவிட்டேன். நீ பதில் எழுத வேண்டாம். உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். பாலம் வரை நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்று தை மாதமே எழுதியிருக்கிறாய். நடக்கப் போகிறவர்கள் திரும்பி வந்ததை யாராவது எழுதுவார்களா? நான் துண்டு கட்டிக்கொள் என்று எழுதியிருக்கிறேன்.

நீ வெறுங்காலோடு திரும்பி வந்தாயே, அது போதும். வெளிச்சம் வரும் வரை எப்படி நின்றீர்கள் என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. கை நடுங்கியது. வரும் என்றெல்லாம் நம்பவில்லை. அட்டை கையில் இருந்தது, கீழே வைக்க இருட்டில் இடம் தெரியவில்லை, அதனால் நின்றேன். அவ்வளவுதான் என் வீரம். வந்தது அதுவாகத்தான் வந்தது. நீயும் அப்படித்தான் நிற்கிறாய். ஆனால் அங்கே தனியாக நிற்க வேண்டாம், இங்கே வந்து நில்.

உன் சபதத்தைக் காட்டாதே. வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்றாய். இங்கே வாசல்படியும் இல்லை, கதவும் இல்லை, கூரையும் இல்லை. ரோட்டோரத்தில் சாக்குதான் இருக்கிறது. சபரிநாதன் உனக்காகவே அடைத்த மாதிரி அடைத்து வைத்திருக்கிறான். நீ என் சாமியைக் கும்பிட வேண்டாம். என் பக்கத்தில் உட்கார்ந்து கிழக்கே பார், அது போதும்.

பிரபாகருக்கும் இதே தபாலில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். இனி நீ இருட்டில் தனியாக வெளியே போகக் கூடாது என்றும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் உன் தூக்கத்துக்கு வழி கேட்க வேண்டும் என்றும், சனிக்கிழமைக்குள் உன்னை இங்கே கொண்டுவந்து விட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். நான் ஞானஸ்நானம் எடுத்தபோது உனக்கு வந்த கோபத்தையே தாங்கினவள் நான்.

உண்ணாமலை மாதிரி என்னால் வாசல் தெளித்து உன்னை எழுப்ப முடியாது. தோளைப் பிடித்து உலுக்குவேன்.

அக்கா


குமாரபாளையம்,
26 மார்ச் 2025

அக்காவுக்கு அங்கமுத்து எழுதுவது.

உங்களிடமிருந்து கிளம்பி நலமாக வீடு வந்து சேர்ந்தோம். திருச்செங்கோட்டில் பஸ் மாறும்போது பிரபாகர் என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் நான் அவனைப் பிடித்த மாதிரி. விடவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறேன். கொஞ்சம் தூங்குகிறேன்.

உங்கள் பாட்டு எனக்குக் கேட்கவில்லை. உங்கள் வாய்கள் அசைவதும், கைகள் ஒன்றாகத் தட்டுவதும் தெரிந்தது. முதல் நாள் மேகம். ஒன்றும் தெரியவில்லை. இதற்காகவா உலுக்கி எழுப்பினீர்கள் என்று எரிச்சல் வந்தது. மறுநாள்தான் மலை பிரிவதைப் பார்த்தேன். நீங்கள் எழுதிய மாதிரியேதான். ஆனால் ஒன்றை நீங்கள் எழுதவில்லை. வெளிச்சம் முதலில் நம் மேல் விழுவதில்லை. பண்ணைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் விழுகிறது, அங்கிருந்து கீழே கீழே இறங்கி, கடைசியில்தான் சாக்கில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் வருகிறது. வரும் என்று தெரிந்துவிட்டால் காத்திருப்பது கஷ்டமாக இல்லை.

அது ஆத்தாயியின் முகத்தில் விழுந்தபோது நான் கை கூப்பினேன். யாருக்குக் கூப்பினேன் என்று எனக்கே தெரியாது. உங்களுக்கு ஜெயித்த மாதிரி இருக்க வேண்டாம்.

கிளம்பும் அன்று அந்தச் சபரிநாதன் பைக்கை நிறுத்திவிட்டு என்னவோ கேட்டான். பிரபாகர்தான் பிறகு என் கையில் எழுதிக் காட்டினான். "கதவு இருந்தப்ப வராத ஆளெல்லாம் இப்ப வருதுங்களே" என்றானாம்.

எங்கள் பட்டறை மாடியில் ஏறினால் கிழக்கு தெரிகிறது. இத்தனை வருஷம் ஏறிப் பார்க்கவில்லை. பிரபாகர் கூட வருகிறான்.

தம்பி


மேட்டுக்காடு,
8 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நலம். நீ தூங்குகிறாய் என்று அபிநயா போனில் சொன்னாள். மாத்திரையை நிறுத்தாதே.

ஜெயித்த மாதிரி எனக்கு இல்லை. கதவு இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது. வெளியே உட்கார்ந்ததில் நல்லது நடந்தது என்பதற்காக அடைத்தது சரியாகிவிடாது. இதைச் சபரிநாதனிடமும் சொல்லிவிட்டேன்.

வருகிற இருபதாம் தேதி ஈஸ்டர். கதவைப் பற்றி ஈஸ்டருக்குப் பிறகு கூடிப் பேசலாம் என்கிறது கமிட்டி. முதல் ஈஸ்டரில் விடியற்காலையில் இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள், வாசலை அடைத்த கல்லை நமக்கு யார் புரட்டித் தருவார் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நாங்கள் யாரையும் கேட்கப் போவதில்லை, அன்று விடியும்போது எங்கள் கல்லை நாங்களே புரட்டப் போகிறோம். போதகரிடம் போய்ச் சொன்னேன். "அன்னைக்கு நான் கொஞ்சம் தாமசமா வாரேனுங்க அக்கா. வரும்போது எப்படி இருக்குதோ அதுலயே ஆராதனை நடத்தறேன்" என்றார். அது போதும்.

ஆக, செய்ய வேண்டியது இது.

ஆத்தாயி அன்றைக்கு யார் வீட்டுக் கதவையும் அவசரப்பட்டுத் தட்டக் கூடாது. கிழக்கே வெளுப்பது ஏறுகிறதா, நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுப்ப வேண்டும்.

முத்தாயம்மாள் சிமெண்டுத் தூளைப் பெருக்கத் துடைப்பமும், எல்லாருக்கும் காப்பியும் கொண்டுவர வேண்டும். சர்க்கரை குறைவாகப் போட வேண்டும்.

சபரிநாதன் கேட்டைத் திறந்து வைக்க வேண்டும். அன்று ஒருநாள் புதுச் செட்டு லைட்டைப் போடக் கூடாது, கோழிகளும் ஒருநாள் உண்மையைப் பார்க்கட்டும். பண்ணை எருவை ஒழுங்காக அள்ளி, கதவுக்கு ஈ வராமல் வலை அடித்துத் தர வேண்டும். இதையெல்லாம் அவனிடம் நேரிலேயே சொன்னேன். சரி என்று சொல்லவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, வலை எந்த அளவுக்கு வேண்டும் என்று கேட்டான்.

பிரபாகர் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பக் கூடாது. கூடவே வர வேண்டும். அபிநயாவும் வர வேண்டும்.

கதவுப் பலகையைக் குப்பையிலிருந்து எடுத்துக் கழுவி என் வீட்டில் சாத்தி வைத்திருக்கிறேன். அதையும் சாவியையும் கொண்டுவருவது என் வேலை.

நீ பட்டறையில் இருக்கிற கடப்பாரையை எடுத்துவா. காலுக்குச் சரியாக இருக்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு வா. முதல் செங்கலை நீதான் பெயர்க்க வேண்டும். வெளியே நின்றுகொண்டே பெயர்க்கலாம், வாசல்படியை மிதிக்கத் தேவையில்லை.

அக்கா ராமாத்தாள்